டி.எம்.டி. 'பாசிட்டிவ்' என்றால் உடனே ஆஞ்சியோவா?
இதய நலம்: வாசகர் கேள்வி – பதில்

டிரெட்மில் டெஸ்ட் (டி.எம்.டி., அதாவது ஓடும் பட்டையில் நடக்கவைத்து இ.சி.ஜி. பார்ப்பது) பற்றி வந்திருந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்லியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சில கடிதங்களைச் சுருக்கியும் சேர்த்தும் தந்திருக்கிறோம்.

கேள்வி: மாடிப்படி ஏறினால் நெஞ்சின் நடுவே யாரோ கை வைத்து அழுத்துவது போல் இருக்கிறது. இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடுகிறது. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து 'நார்மல்' என்று சொன்னார்கள். அப்புறம் எதற்கு டி.எம்.டி. எழுதிக் கொடுக்கிறார்கள்? அதில் என்னதான் செய்வார்கள்?
(54 வயது வாசகர், திருச்சி)

படுக்கவைத்து எடுக்கும் இ.சி.ஜி., அந்தச் சில விநாடிகளில் இதயம் எப்படி இருந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். வீட்டுத் தண்ணீர்க் குழாயின் உள்ளே உப்புப் படிந்து பாதிக்கு மேல் அடைத்திருக்கிறது என்று வையுங்கள். ஒரு குழாயை மட்டும் திறந்தால் தண்ணீர் ஒழுங்காகவே கொட்டும். சமையலறை, குளியலறை, தோட்டம் மூன்றையும் சேர்த்துத் திறக்கும்போதுதான் மாடிக் குழாய் சொட்டுச் சொட்டாக வடியும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி நாளத்தில் 70 சதவீத அடைப்பு இருப்பவருக்கும் ஓய்வில் இருக்கும்போது ரத்தம் போதிய அளவு போகும். இதயத் தசைக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. சும்மா இருக்கும்போதே, வந்து சேரும் ரத்தத்தின் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய முக்கால் பங்கை அது உறிஞ்சிக்கொள்கிறது. வேலை கூடினால் மிச்சத்திலிருந்து பெரிதாக எடுக்க முடியாது, கூடுதல் ரத்தம் வந்தே தீர வேண்டும். நல்ல நாளம் நான்கு மடங்கு வரை கூட்டிக் கொடுக்கும், அடைத்த நாளத்தால் முடியாது. முதலில் பட்டினி கிடப்பது இதயத்தின் உட்சுவர்ப் பகுதி. 'மாடிக் குழாய்' அதுதான். அந்தப் பட்டினி இ.சி.ஜி.யில் 'எஸ்.டி.' என்ற பகுதி கீழே இறங்குவதாகத் தெரியும்.

இனி செய்முறை. நெஞ்சில் முடி இருந்தால் மழித்து, ஸ்பிரிட் தடவித் துடைத்து, தோலை லேசாகத் தேய்ப்பார்கள். கொஞ்சம் எரியும். ஆனால் இந்த வேலையை அவசரத்தில் விட்டுவிட்டால், வேர்க்க ஆரம்பித்ததும் ஒட்டுப்பட்டை நழுவி, கோடு மேலும் கீழும் ஆடி, கடைசியில் யாராலும் படிக்க முடியாத காகிதம்தான் கையில் வரும். மொத்தம் 10 ஒட்டுப்பட்டைகள் (எலெக்ட்ரோடுகள்). கை, கால்களில் வைக்க வேண்டிய நான்கையும் தோள்பட்டைக்குக் கீழும் அடிவயிற்றிலும் வைப்பார்கள், ஏனென்றால் நடக்கும்போது கை, கால் அசையும். இதனால் இ.சி.ஜி.யின் வடிவம் சற்று மாறும். உங்கள் பழைய இ.சி.ஜி.யை இதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் 'புரூஸ்' முறைதான். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் புரூஸ் 1963-இல் வகுத்தது. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் சேர்ந்து கூடும். முதல் கட்டம் மணிக்கு 2.7 கி.மீ., 10 சதவீத ஏற்றம். இரண்டாவது 4 கி.மீ., 12 சதவீதம். மூன்றாவது 5.5 கி.மீ., 14 சதவீதம். நான்காவதில் 6.7 கி.மீ., 16 சதவீதம் என்று போகும்போது பலர் ஓட வேண்டியிருக்கும். முதல் கட்டத்தின் வேகம் கோயில் பிராகாரம் சுற்றும் வேகம்தான், ஆனால் ஏற்றம் இருப்பதால் கால் சீக்கிரம் கனக்கும். வயதானவர்களுக்கும் உடல் தளர்ந்தவர்களுக்கும் இதற்கு முன்னால் இரண்டு எளிய கட்டங்கள் சேர்த்த 'மாடிஃபைடு புரூஸ்' இருக்கிறது, அதைக் கேட்டுப் பெறலாம்.

ஒவ்வொரு கட்டத்திலும் பி.பி. பார்ப்பார்கள். இதயத் துடிப்பு, 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணில் 85 சதவீதத்தைத் தொட வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. உங்களுக்கு 166, அதில் 85 சதவீதம் 141. இலக்கைத் தொட்டவுடன் இயந்திரத்தை நிறுத்திவிடும் இடங்கள் உண்டு, அது சரியல்ல. முடிந்த வரை நடக்கவிட வேண்டும், தகவல் அங்கேதான் கிடைக்கிறது. நின்ற பிறகும் ஐந்தாறு நிமிடம் இ.சி.ஜி. ஓட வேண்டும். நடக்கும்போது ஒன்றும் தெரியாமல், உட்கார்ந்த பிறகு எஸ்.டி. இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முடிந்ததும் வயர்களைப் பிடுங்கிவிட்டு 'அடுத்தவர்' என்று கூப்பிடும் இடத்தில் அந்தச் சேதி தவறிப்போகும்.

உங்களுக்குத் தனியாக ஒன்று. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி, பாடப் புத்தகத்தில் இருப்பது போன்ற ஆஞ்சைனா, அதாவது இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் வரும் வலி. டி.எம்.டி. 'நெகட்டிவ்' (அடைப்புக்கான அடையாளம் இல்லை) என்று வந்தாலும் விஷயத்தை அத்தோடு மூடிவிடாதீர்கள். காரணம் கும்பகோணம் வாசகிக்கான பதிலில் இருக்கிறது. வலி ஓய்விலும் வரத் தொடங்கினால், அல்லது நாளுக்கு நாள் குறைந்த நடையிலேயே வந்தால், டி.எம்.டி.க்குத் தேதி வாங்கிக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அந்த நிலையில் டிரெட்மில்லில் ஏற்றுவதே ஆபத்து.

கேள்வி: நாளை மறுநாள் டி.எம்.டி. வெறும் வயிற்றில் போகணுமா? பி.பி. மாத்திரையை நிறுத்தணுமா? சேலையில் போகலாமா?
(வாசகி, மதுரை)

பட்டினி வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போல் லேசாகச் சாப்பிட்டுப் போங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அன்று காலை எவ்வளவு என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். காபியும் அந்த மூன்று மணி நேரத்துக்கு வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில்தான் அதிகம் குழம்புகிறார்கள். அட்டினோலால், மெட்டோபிரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் இதயத் துடிப்பை ஏறவிடாது. துடிப்பு 141-க்குப் போக வேண்டியவருக்கு 110-லேயே நின்றுவிடும். அடைப்பு இருந்தாலும் தெரியாது. அதனால் நோய் உண்டா இல்லையா என்று கண்டுபிடிக்கச் செய்யும் டெஸ்ட்டானால் ஒன்றிரண்டு நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். ஏற்கெனவே நோய் தெரிந்து, மருந்து போதுமா என்று பார்க்கச் செய்தால் நிறுத்தக் கூடாது. எது உங்கள் நிலை என்று எழுதிக் கொடுத்தவருக்குத்தான் தெரியும். நீங்களாக நிறுத்தினால், அடக்கிவைத்திருந்த துடிப்பும் பி.பி.யும் திடீரென எகிறி, டெஸ்ட்டுக்கு முன்பே நெஞ்சுவலி வரலாம்.

ஆண்கள் கூச்சத்தில் சொல்லாமல் விடும் ஒன்று: ஆண்மைக் குறைவுக்கு எடுக்கும் சில்டெனாஃபில் வகை மாத்திரை. நடக்கும்போது வலி வந்தால் நாக்குக்கு அடியில் நைட்ரேட் மாத்திரை வைப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் பி.பி. தரைமட்டத்துக்குப் போய்விடும். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரமும், டாடலாஃபில் எடுத்து 48 மணி நேரமும் ஆகியிருக்காவிட்டால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

சேலை, வேட்டி சரிவராது, கால் தட்டும். சுடிதார், முன்பக்கம் திறக்கும் மேல்சட்டை, பழகிய கேன்வாஸ் ஷூ போதும். ரப்பர் செருப்பில் ஏறாதீர்கள். அன்று நெஞ்சில் எண்ணெய், பவுடர், லோஷன் எதுவும் வேண்டாம், பட்டை ஒட்டாது.

கேள்வி: எனக்கு 38 வயது. எந்தத் தொந்தரவும் இல்லை. கம்பெனி மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் டி.எம்.டி. 'பாசிட்டிவ்' என்று வந்துவிட்டது. உடனே ஆஞ்சியோ (இதய நாளங்களில் சாயம் செலுத்திப் படமெடுக்கும் சோதனை) செய்யச் சொல்கிறார்கள். இரண்டு நாளாகத் தூக்கமில்லை.
(வாசகி, கும்பகோணம்)

முதலில் தூங்குங்கள். பிறகு இந்தக் கணக்கைப் பாருங்கள்.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அடைப்பு உள்ள 100 பேரில் 68 பேரை டி.எம்.டி. பிடிக்கிறது. அடைப்பு இல்லாத 100 பேரில் 77 பேருக்குத்தான் 'இல்லை' என்று சரியாகச் சொல்கிறது. மீதி 23 பேருக்கு வீணாக மணி அடிக்கிறது. உங்களைப் போல் அறிகுறி இல்லாத இளம் பெண்கள் 1,000 பேரை எடுத்து, அவர்களில் தாராளமாக 30 பேருக்கு நோய் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். டெஸ்ட் அவர்களில் 20 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 970 பேரில் 223 பேருக்கும் 'பாசிட்டிவ்' என்று சொல்லும். ஆக 243 'பாசிட்டிவ்'களில் உண்மையானவை 20. பன்னிரண்டில் ஒன்றுகூட இல்லை.

இப்போது திருச்சி வாசகரைப் போன்ற 1,000 ஆண்களை எடுப்போம். அவர்களில் 700 பேருக்கு நோய் இருப்பதாக வைத்தால் 476 பேர் பிடிபடுவார்கள், வீண் மணி 69 பேருக்கு. அங்கே 'பாசிட்டிவ்' என்றால் கிட்டத்தட்ட நிச்சயம். ஆனால் நோயிருந்தும் தப்பியவர்கள் 224, நோயில்லாமல் 'நெகட்டிவ்' ஆனவர்கள் 231. அதாவது அவருக்கு 'நெகட்டிவ்' என்று வந்தால் அது பூவா தலையா போட்டது மாதிரிதான். இயந்திரமும் அளவுகோலும் ஒன்றுதான். ஏறி நடந்தவர் யார் என்பதைப் பொறுத்து அந்தச் சொல்லின் அர்த்தம் மாறுகிறது. இதனால்தான் அறிகுறியும் அபாயக் காரணிகளும் இல்லாதவர்களுக்குச் செக்கப் பேக்கேஜில் டி.எம்.டி.யைச் சேர்ப்பதை நாங்கள் ஆதரிப்பதில்லை. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவும் குறைந்த அபாயம் உள்ளவர்களுக்கு இது வேண்டாம் என்றே சொல்கிறது.

பெண்களுக்குப் பொய் 'பாசிட்டிவ்' கூடுதலாக வருவது பழைய அனுபவம். ரத்தசோகை, பொட்டாசியம் குறைவு, பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்குதல், மைட்ரல் வால்வு பின்னுக்குத் துருத்துதல், பி.பி.யால் இதயச் சுவர் தடித்திருத்தல் எல்லாமே எஸ்.டி.யை இறக்கிக் காட்டும். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, ரிப்போர்ட்டோடு வந்த இ.சி.ஜி. தாள்களை ஓர் இதயநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். கம்ப்யூட்டர் பல துடிப்புகளைச் சராசரியாக்கி அழகான ஒரு கோடு போடும். அதில் இல்லாத இறக்கமும் தெரியலாம். அவர் பார்க்க வேண்டியது சராசரியாக்காத அசல் கோட்டை. துடிப்பின் கூர் அலை முடிந்து எஸ்.டி. தொடங்கும் ஜே புள்ளியிலிருந்து ஒன்றரை, இரண்டு சின்னக் கட்டம் தள்ளி, 1 மி.மீ. அல்லது அதற்கு மேல், கிடைமட்டமாகவோ கீழ்நோக்கியோ, ஆடாத கோட்டில் அடுத்தடுத்து மூன்று துடிப்பிலாவது இறங்கியிருக்கிறதா? வேகமாக மேல்நோக்கி ஏறும் இறக்கம் கணக்கில் சேராது. எத்தனையாவது நிமிடத்தில் வந்தது, நின்றதும் ஒரு நிமிடத்துக்குள் மறைந்ததா, ஐந்து நிமிடம் நீடித்ததா என்பதும் முக்கியம். அப்போதும் சந்தேகம் இருந்தால், ஸ்ட்ரெஸ் எக்கோ (இதயத்துக்கு வேலை கொடுத்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட்) அல்லது சி.டி. ஸ்கேனில் எடுக்கும் கரோனரி ஆஞ்சியோ செய்து தெளிவுபடுத்திக்கொள்ளலாம். தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் நுழைக்கும் ஆஞ்சியோ உங்களுக்கு முதல் படி அல்ல. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, சர்க்கரை, அதிகக் கொழுப்பு ஏதேனும் இருந்தால் அதைச் சொல்ல மறக்காதீர்கள், கணக்கு மாறும்.

கேள்வி: என் ரிப்போர்ட்டில் 'மெட்ஸ் 8.6, நேரம் 7 நிமிடம் 30 விநாடி, எஸ்.டி. 1.5, வலி இல்லை' என்று இருக்கிறது. கீழே 'மைல்ட்லி பாசிட்டிவ்' என்று எழுதியிருக்கிறார்கள். இதில் எதைப் பார்ப்பது?
(61 வயது வாசகர், கோயம்புத்தூர்)

கடைசி வரியை விட்டுவிட்டு அதற்கு மேலே உள்ளதைப் பாருங்கள். 'மைல்ட்லி' என்பது அளவு அல்ல, அபிப்பிராயம்.

ஒரு 'மெட்' என்பது சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆக்ஸிஜன்: ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லி. 8.6 மெட்ஸ் என்றால் அதைப்போல் எட்டரை மடங்குக்கு மேல் தாங்கியிருக்கிறீர்கள். புரூஸ் முறையில் 6 நிமிடம் முடித்தால் சுமார் 7, 9 நிமிடம் முடித்தால் சுமார் 10. பத்தைத் தொட்டவருக்கு எஸ்.டி. கொஞ்சம் இறங்கியிருந்தாலும் வருங்காலம் பொதுவாக நன்றாகவே இருக்கிறது. ஐந்துக்குள் மூச்சு வாங்கி நின்றவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் கைப்பிடிக் கம்பியில் தொங்கிக்கொண்டு நடந்திருந்தால் இந்த எண் பொய். உடல் எடையைக் கம்பி தாங்கியிருக்கும், இயந்திரம் நீங்கள் தாங்கியதாக எழுதிக்கொள்ளும். விரல் நுனி தொட்டால் போதும்.

அடுத்தது வருங்கால அபாயத்தைக் கணிக்கும் டியூக் ஸ்கோர். வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். புரூஸ் முறையில் நடந்த நிமிடங்களிலிருந்து, எஸ்.டி. மாறிய மி.மீ.யை ஐந்தால் பெருக்கிக் கழியுங்கள். வலியே இல்லையென்றால் அத்தோடு சரி. வலி வந்தும் தொடர்ந்து நடந்தால் இன்னும் 4, வலியாலேயே நிறுத்தினால் 8 கழிக்க வேண்டும். உங்களுக்கு 7.5-இலிருந்து 7.5 போனால் பூஜ்யம். +5-ம் அதற்கு மேலும் குறைந்த அபாயம், −10 முதல் +4 வரை நடுத்தரம், −11-ம் அதற்குக் கீழும் அதிகம். 1991-இல் வெளியான ஆய்வில் இந்த மூன்று குழுக்களிலும் நான்கு ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் முறையே 99, 95, 79 சதவீதம். நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். அடுத்தது பெரும்பாலும் எக்கோ அல்லது அணுக்கதிர் ஸ்கேனோடு கூடிய ஸ்ட்ரெஸ் டெஸ்ட், அல்லது சி.டி. ஆஞ்சியோவாக இருக்கும். மாடிஃபைடு புரூஸில் நடந்தவர்கள் நேரத்தை அப்படியே போட்டால் கணக்கு தப்பாகும்.

இன்னும் இரண்டைத் தேடுங்கள். மேல் பி.பி. நடக்க நடக்க ஏற வேண்டும். ஏறாமல் இறங்கியிருந்தால், எஸ்.டி. எப்படி இருந்தாலும், அது கெட்ட சகுனம். நின்றபின் முதல் நிமிடத்தில் துடிப்பு 12-க்கு மேல் குறைய வேண்டும். '85 சதவீதம் எட்டவில்லை' என்று எங்காவது எழுதியிருந்தால் அந்த 'நெகட்டிவ்' செல்லாது. பாதித் தேர்வு எழுதிவிட்டு பாஸ் என்று சொல்ல முடியாதல்லவா?

ஒன்று மட்டும் ரிப்போர்ட்டில் கிடைக்காது: எந்த நாளத்தில் அடைப்பு என்பது. எஸ்.டி. எந்த லீடில் (இ.சி.ஜி.யின் எந்தக் கோட்டில்) இறங்கியது என்பதை வைத்து நாளத்தை ஊகிக்க முடியாது.

கேள்வி: என் தம்பிக்கு டி.எம்.டி. நார்மல். மூன்றே மாதத்தில் மாரடைப்பு. டெஸ்ட் தப்பா, செய்தவர்கள் தப்பா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

இரண்டுமே தப்பாக இல்லாமலும் இப்படி நடக்கலாம். டி.எம்.டி. பிடிப்பது ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குக் குறுகிய நாளத்தை. மாரடைப்பு பல நேரம் 30, 40 சதவீதமே அடைத்திருந்த ஒரு கொழுப்புத் திட்டில் வருகிறது. அதன் மெல்லிய மூடி கிழிந்து, அதன் மேல் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் நாளம் முழுவதும் அடைபடும். முந்தைய நாள் நடக்கவைத்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. 'டி.எம்.டி. நார்மல்' என்ற சான்றிதழை வைத்துக்கொண்டு சிகரெட்டைத் தொடர்கிறவர்களும், கொழுப்பு மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். தம்பிக்கு இனி நெஞ்சுவலி வந்தால், இலங்கையில் 1990 சுவசெரிய ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். இ.சி.ஜி.யில் 'எல்.பி.பி.பி.' என்றும் இருக்கிறது. டிரெட்மில் முடியுமா?
(வாசகர், சேலம்)

வேண்டாம். எல்.பி.பி.பி. எனும் இடது மின்பாதைத் தடை இருந்தால், நன்றாக நடந்தாலும் எஸ்.டி.யைப் படிக்க முடியாது. பேஸ்மேக்கர் துடிப்பு, டபிள்யூ.பி.டபிள்யூ. (இதயத்தில் பிறவியிலேயே இருக்கும் கூடுதல் மின்பாதை), ஓய்விலேயே 1 மி.மீ.க்கு மேல் இறங்கிய எஸ்.டி., டிகாக்ஸின் மாத்திரை எடுப்பவர்கள் எல்லோருக்கும் இதே நிலைதான். அம்மாவுக்கு மருந்து ஏற்றிச் செய்யும் அணுக்கதிர் ஸ்கேன் பொருந்தும். அடினோசின் கொடுத்தால் நாளங்கள் விரியும், அடைத்த நாளத்தின் பகுதி மட்டும் மங்கலாகத் தெரியும். ஆஸ்துமா இருந்தால் அடினோசினுக்கு முன் கண்டிப்பாகச் சொல்லுங்கள், மூச்சுக்குழல் இறுகும். இதற்கு மட்டும் 12 முதல் 24 மணி நேரம் காபி, டீ, சாக்லேட், கோலா எதுவும் கூடாது. காஃபின் அந்த மருந்தின் வேலையையே கெடுத்துவிடும்.

கேள்வி: நடக்கும்போதே உயிர் போகும் என்று பயமாக இருக்கிறது. பாசிட்டிவ் ஆனால் ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டுமா?
(வாசகி, சென்னை)

சரியாகத் தேர்ந்தெடுத்தவர்களுக்குச் செய்யும்போது மரணம் பத்தாயிரத்தில் ஒன்று என்பது பழைய பெரிய கணக்கெடுப்பு. ஆபத்து வருவது பெரும்பாலும் செய்யக் கூடாதவருக்குச் செய்யும்போது. மாரடைப்பு வந்து இரண்டு நாள்கூட ஆகாதவர், அறிகுறியோடு பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கியவர், கட்டுப்படாத இதயச் செயலிழப்பு உள்ளவர் ஏறக் கூடாது. வால்வுச் சுருக்கத்தைக் கண்டுபிடிக்கத்தான் முதலில் ஸ்டெத் வைத்துப் பார்க்கிறார்கள், பல இடங்களில் எக்கோவும் எடுக்கிறார்கள். அறையில் மருத்துவரும் அதிர்ச்சி கொடுக்கும் டீஃபிபிரிலேட்டரும் இருக்க வேண்டும். டெக்னீஷியன் மட்டும் இருந்தால் 'டாக்டர் எங்கே' என்று கேட்பதில் தவறில்லை. நெஞ்சுவலி கூடினாலோ, தலை சுற்றினாலோ 'நிறுத்துங்கள்' என்று சொல்லிவிடுங்கள். நோயாளி கேட்டால் நிறுத்தியே ஆக வேண்டும் என்பது விதி. கேட்காமல் குதித்து இறங்காதீர்கள், விழுவது அப்படித்தான்.

அடைத்த நாளத்தை விரித்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் கட்டாயமில்லை. ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டில் மிதமான அல்லது கடுமையான ரத்தக் குறைவு தெரிந்த 5,179 பேரை வைத்து நடந்த 'இஸ்கீமியா' ஆய்வு 2020-இல் வெளியானது. மருந்தோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸையும் சேர்த்தவர்களுக்கு, மருந்தை மட்டும் முதலில் எடுத்தவர்களைவிட மரணமோ மாரடைப்போ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. நெஞ்சுவலி மட்டும் நன்றாகக் குறைந்தது. இடது முக்கிய நாளத்தில் அடைப்பு இருந்தவர்கள் அந்த ஆய்வில் இல்லை, அவர்கள் கதை வேறு. ஆகவே வலி மருந்துக்கு அடங்குகிறதா என்று பார்த்து முடிவெடுக்க அவகாசம் உண்டு.

கேள்வி: டெஸ்ட் முடிந்த உடனே குளிக்கலாமா?
(வாசகர், தஞ்சாவூர்)

வெந்நீரில் வேண்டாம். உடற்பயிற்சியால் ஏற்கெனவே விரிந்திருக்கும் ரத்த நாளங்கள் வெந்நீரில் இன்னும் விரிந்து தலை சுற்றும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான நீரில் குளிக்கலாம். பட்டை ஒட்டிய இடத்தில் பசை பிசுபிசுத்தால் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும்.